மணலும் பனியும் மாற்றிய டாங்கிகள்

1971 போரில் நம் தரைப்படையிடம் இருந்தது சோவியத் டி-55 டாங்கி. பாகிஸ்தானிடம் இருந்தது சீனாவின் டைப்-59. இரண்டும் ஒரே சோவியத் வடிவமைப்பில் பிறந்தவை. புழுதிக்குள் தொலைவிலிருந்து பார்த்தால் நம்முடையது எது, எதிரியுடையது எது என்று பிரித்தறிவது கடினம். அதற்கு நம்மவர்கள் கண்ட வழி மிக எளியது. டி-55இன் பீரங்கிக் குழல் முனையில் தடித்த உருளை ஒன்று இருக்கும். சுட்டபின் குழலில் தேங்கும் புகை, உள்ளே இருக்கும் வீரர்கள் மேல் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதே போன்ற போலி உருளை ஒன்றைக் குழலின் நடுப்பகுதியிலும் மாட்டினார்கள். புகையை வெளியேற்ற அது உதவாது. ஆனால் பார்த்தவுடன் ‘இது நம்முடையது’ என்று காட்டிக்கொடுத்தது.

அன்றைய மாற்றங்கள் பலவும் இப்படித்தான். கையில் இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள். அதற்காக அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கியே பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்புதான். 1965இல் ஆவடியிலிருந்து முதல் டாங்கி வெளிவந்தது. அதில் இருந்தது 105 மி.மீ. பீரங்கி. பின்னாளில் டி-55இன் 100 மி.மீ. பீரங்கியைக் கழற்றிவிட்டு, அதிலும் 105 மி.மீ. பீரங்கியைப் பொருத்தினார்கள். ரஷ்ய உடலில் பிரிட்டிஷ் வகைப் பீரங்கி! இதனால் இரு வகை டாங்கிகளுக்கும் ஒரே குண்டு போதும் என்றானது. போர்முனைக்குக் குண்டு கொண்டுசேர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

இன்று சிக்கல் வேறு மாதிரியானது. 2001 ஒப்பந்தத்தின்படி ரஷ்யாவிலிருந்து வந்த டி-90 குளிர்நாட்டுக்காரர்கள் உருவாக்கியது. ராஜஸ்தான் பாலைவனத்தின் கோடையில் மூடிய டாங்கிக்குள் அடுப்பங்கரை வெக்கைதான். மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடலாம். இரவில் எதிரியின் உடல் வெப்பத்தை வைத்து உருவம் காட்டும் நுட்பமான தெர்மல் கருவி தாங்காது, பழுதாகும். இரவில் பார்வை போனால் எவ்வளவு வலிய பீரங்கியும் பயன்படாது. ஆகவே இன்றைய மாற்றங்களில் முக்கியமானவை கண்ணைப் பற்றியவை. டி-90இல் கமாண்டருக்கு இருந்த பழைய இரவுப் பார்வைக் கருவியின் எல்லை குறுகியது. 957 டாங்கிகளில் அதை மாற்றி, உள்நாட்டுத் தெர்மல் கருவியையும் லேசர் தூரமானியையும் பொருத்த 2022இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தமானது.

பனிமலையின் கதையும் உண்டு. 1948 நவம்பர் 1 அன்று ஜோஜி லா கணவாயில், 11,500 அடி உயரத்தில், அமெரிக்க ஸ்டூவர்ட் டாங்கிகள் திடீரென்று தோன்றியபோது எதிரிகள் நிலைகுலைந்தார்கள். பீரங்கி பொருந்திய சுழலும் மேல்பகுதியான டரட்டைக் கழற்றி, ரகசியமாகக் கொண்டுவரப்பட்ட டாங்கிகள் அவை. கோவேறு கழுதைகள் போன பாதையை டாங்கி ஏறும் வழியாக அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். அன்று டாங்கிக்காக மலைப்பாதையை மாற்றினார்கள். இன்று மலைக்கு ஏற்ப டாங்கியையும் எரிபொருளையும் மாற்ற வேண்டியிருக்கிறது. 2020 முதல் கிழக்கு லடாக்கில் டி-72, டி-90 டாங்கிகள் பனிக்காலம் முழுக்க நிற்கின்றன. காற்று மெலிந்த உயரத்தில் இன்ஜின் வலு குறையும். சாதாரண டீசல் குளிரில் உறையும். மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசல் இப்போது அங்கே போகிறது.

மிச்சமிருப்பது இன்ஜின். 780 குதிரைத்திறன் கொண்ட நம் டி-72களுக்கு 1000 குதிரைத்திறன் இன்ஜின் வாங்க 2025 மார்ச்சில் ரஷ்யாவுடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழில்நுட்பத்தை ஆவடியில் உள்ள நிறுவனத்துக்கு மாற்றித் தருவதும் அதில் சேரும். 2001இல் டி-90 ஒப்பந்தம் போட்ட பிறகு, இங்கே ‘பீஷ்மா’ என்ற பெயரில் தயாரான முதல் 10 டி-90 டாங்கிகள் படைக்கு வர 2009 ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். இன்னொரு முறை அப்படி எட்டு ஆண்டு காத்திருக்கக் கூடாது. பெட்டியில் வரும் உதிரிகளைப் பூட்டித் தருவதோடு ஆவடியின் வேலை நின்றுவிடாமல், உலோகத்தை வார்ப்பதிலிருந்தே இன்ஜின் அங்கே பிறக்கும்படி பாதுகாப்பு அமைச்சகம் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.