ஏற ஏறச் சிறுக்கும் மலை

என் அப்பாயி கொழுந்தெடுத்த மலையில் நின்று வடக்கே பார்த்தால் மடக்கிய கை ஒன்று தெரியும். விடியற்காலையில் விரல் மூட்டுகள் மட்டும் முகிலுக்கு மேலே நிற்கும்; ஒன்பது பத்து மணிக்கெல்லாம் அவையும் மறைந்துவிடும். நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. விரல் மூட்டு என்று பொருள்பட ‘நக்கிள்ஸ்’ என்று பேர் வைத்தார்கள். சிங்களத்தில் தும்பர கந்துவெட்டிய, மூடுபனி சூழ்ந்த மலைத்தொடர்; தமிழில் தும்பறை. அப்பாயிக்கு அது பனிமலை. அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவார். அங்கே என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். “சாமி வேல செய்யிற எடம்டா அது, சத்தம் போடாத” என்றார்.

அந்த வேலையைக் கிட்டே போய்ப் பார்க்க எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் போக வேண்டும். திகன, தெல்தெனிய. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது; இப்போதிருப்பது மேட்டில் புதிதாகக் கட்டியது. ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பினால் லூல்வத்தை, டீன்ஸ்டன். அதற்கப்பால் கோர்பெட்ஸ் கணவாய், அதையும் இறங்கினால் மீமுரே என்ற ஊர். அந்த ஊருக்குப் பக்கத்துக் குகைகளில்தான் கண்டி இராச்சியத்துக்கு வெடியுப்பு எடுத்தார்கள். ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் 1821-இல் வெளியிட்ட தன் நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாத்தளை, ரத்தோட்ட வழியாக றிவர்ஸ்டனுக்குப் போவது இன்னொரு வாசல். எந்த வாசலால் போனாலும் வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், வழி தெரிந்த ஒருவரும் வேண்டும். இரண்டாவதைத் தயவுசெய்து யாரும் அலட்சியம் பண்ணக்கூடாது. நல்ல வெயிலில் ஏறுகிறவர் பத்து நிமிடத்தில் தன் கையையே பார்க்க முடியாமல் போகிற மலை இது.

உயரத்தைச் சொன்னால் உலக மலையேறிகள் நின்று கேட்க மாட்டார்கள். இத்தொடரில் மிக உயர்ந்த கொம்பனியா 1906 மீட்டர். நக்கிள்ஸ் சிகரம் 1863. நம் நாட்டுப் பிதுருதலாகலையே 2524 மீட்டர். ஆனாலும் 2010-இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது, சிவனொளிபாதமலைக் காட்டையும் ஹோர்ட்டன் சமவெளியையும் சேர்த்தது போலவே இந்தத் தும்பறைக் காட்டையும் சேர்த்துக்கொண்டது. எதற்காக என்பது ஏறினால் தெரியும்.

நாங்கள் ஏறியது டீன்ஸ்டனிலிருந்து தொத்துலுகலைக்குப் போகும் பாதை. பங்குனி மாதம். வழிகாட்ட வந்த தம்பி பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். புறப்படுமுன் எங்கள் கால்களில் முழங்கால் வரை சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டார், அட்டைக்கு. முதலில் பைன் மரங்கள், அப்புறம் மானாப்புல், அப்புறம் பெரிய காடு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மரங்கள். அவற்றின் நிழலில் ஆளுயர ஏலச்செடிகள், யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போனவை, இன்னும் தளதளவென்று நின்றன.

முக்கால் மணி நேரம் ஏறியிருப்போம். மரங்கள் உயரம் குறைகிறாற்போல் இருந்தது. முதலில் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு திருப்பத்தில் கூரையாக நின்ற காடு, அடுத்த திருப்பத்தில் வீட்டு முகடு அளவுக்கு வந்தது. அதற்கடுத்து என் தலைக்கு மேலே ஒரு முழம். கடைசியில் ஒரு முகட்டில் ஏறி நின்றபோது காட்டின் உச்சி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கன்று மரங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அடிமரம் முறுகி, கணுக்கணுவாக, பாசி படர்ந்து, கிழடுதட்டி நிற்கிறது; உயரம் மட்டும் இடுப்பளவு, நெஞ்சளவு. இலைகளும் சிறுத்துத் தோல்போல் தடித்துவிட்டன. உச்சி முழுக்க ஒரே மட்டமாக, வாரி விட்டாற்போலச் சரிவோடு சரிவாகப் படுத்திருந்தது.

எனக்குச் சட்டென்று அப்பாயியின் தேயிலை மலை நினைவுக்கு வந்தது. தேயிலையும் செடியல்ல, மரம்தான். விட்டால் வீட்டுக்கு மேலே வளரும். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்தெடுக்கும் விரலும் சேர்ந்து அதை இடுப்பளவில் நிறுத்திவைத்திருக்கின்றன. தோட்டங்களில் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை போட்டுவிட்டுத்தான் கத்தி எடுப்பார்கள். இந்த முகட்டில் கத்தி எடுப்பது காற்று. ஆண்டு முழுக்க, வைகாசியிலிருந்து தென்மேற்கும் மார்கழியில் வாடையுமாக, எந்தக் கிளை ஒரு விரற்கடை கூடத் தலைதூக்கினாலும் அதன் குருத்தைக் கருக்கித் தள்ளிவிடுகிறது. ஆயிரம் கவ்வாத்துக்காரர்கள் சேர்ந்தாலும் இவ்வளவு மட்டமாக வெட்ட முடியாது.

காற்று மட்டும் இந்தக் குள்ளக் காட்டைச் செய்துவிடவில்லை. பாறையின் மேல் மண் மெல்லியது. நாளில் பாதி நேரம் முகில் மூடிக்கொண்டால் வெயில் குறைவு. நனைந்த இலை நீரை வெளிவிடத் தயங்கும், வேர் உறிஞ்சுவதும் தளரும். இன்னொன்றும் உண்டு. பெரிய மலைக்கூட்டத்தின் நடுவில் நிற்கும் சிகரத்தைவிடத் தனித்து நிற்கும் சிறிய மலையில் முகில் தாழவே வந்து படியும். அதனால் குறுங்காடும் தாழ்ந்த உயரத்திலேயே தொடங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுவிட்சர்லாந்தில் 1914-இல் ஏற்படுத்திய தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது, ஆல்ப்ஸ் மலைக்கே அதுதான் முதலாவது. அங்கே மரங்கள் குறுகி நின்றுபோவது 2000 மீட்டரைத் தாண்டித்தான். உறைபனியும் நீண்ட குளிர்காலமும் செய்கிற வேலை அது. தும்பறையில் வெண்பனி விழுந்ததே கிடையாது. வெறும் நீராவியையும் காற்றையும் வைத்துக்கொண்டு, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், 1500 மீட்டரைச் சுற்றிய உயரத்திலேயே அதே வேலை முடிந்திருக்கிறது. அந்தச் சுவிஸ் பூங்காவில் குறித்த பாதையை விட்டு ஓர் அடி விலகக்கூடாது என்பது சட்டம். இங்கே நாங்களாகவே அதைக் கடைப்பிடித்தோம். நூறு வயது மரம் செருப்புக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும்போது எங்கே காலை வைப்பது?

அப்போதுதான் முகில் வந்தது. மேலிருந்து இறங்கவில்லை, பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. குள்ள மரங்களுக்குள் நுழைந்தபோது ஒரு மெல்லிய ஓசை கேட்டது. மழை பெய்யவில்லை, ஆனால் தரையில் சொட்டுகிறது. குனிந்து பார்த்தேன். கிளைகளில் தாடிபோல் தொங்கும் பாசியின் ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு மணி நீர். முகில் ஊடுருவிப் போகிறபோது இழைகள் அதைச் சல்லடையாய் வடிக்கின்றன. துளி திரண்டு, கனத்து, அடுத்த இழைக்கு இறங்கி, அங்கிருந்து தண்டுக்கு, தண்டிலிருந்து வேருக்கு. அடிமரத்துப் பாசியில் விரலை மெல்ல வைத்தேன். விரலைச் சுற்றி நீர் ஊறி நின்றது. எடுத்ததும் உள்ளே போய்விட்டது. மழைமானிக்குத் தெரியாத மழை இது. இந்தத் துளிகள்தாம் உலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை என்று பேர் வாங்கி மகாவலிக்குப் போகின்றன. ஆடி மாதம் மேற்குச் சரிவில் மழை கொட்டும்போது கிழக்குச் சரிவில் புல் காய்ந்து சரசரக்கும். ஒரே முகட்டின் இரண்டு பக்கம்தான்.

“அசையாம நில்லுங்க சேர். அது உங்கள முந்தியே பார்த்திருச்சு.”

தம்பி காட்டிய கிளையில் எனக்குப் பாசி மட்டும்தான் தெரிந்தது. அவர் விரல் நீட்டவில்லை, கண்ணால்தான் காட்டினார். “மூக்கப் பாருங்க” என்றார். பாசிக்குள்ளிருந்து ஓர் இலை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இலைக்குப் பின்னால் ஒரு கண். அதற்குப் பிறகுதான் முழு ஓணானும் தெரிந்தது. பாசிப் பச்சையும் செம்மண் நிறமும் கலந்த உடம்பு, விரல் நீளம்; வால் அதைவிட நீளம். மூக்கு நுனியில், பக்கவாட்டில் தட்டையாக்கிய சிறு இலைபோல் ஒரு தசைக்கொம்பு. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இல்லை, இலங்கையிலும் வேறு எந்த மலையிலும் இல்லை, இந்தத் தும்பறையில் மட்டும் வாழ்கிறது. எமர்சன் டெனன்ட் என்ற பழைய அதிகாரியின் பேரை 1861-இலேயே அதற்குச் சூட்டிவிட்டார்கள். அது எங்களைப் பார்த்து ஓடவில்லை. ஒரு காலை எடுத்து, வைக்க மனமில்லாததுபோல் காற்றிலேயே பிடித்துக்கொண்டு, பிறகு அதே இடத்தில் வைத்தது. பத்து நிமிடம் நின்றோம். அதன் கண்ணிமை ஒரு தடவை மூடித் திறந்தது.

இதே காட்டில் இன்னொரு குட்டி ஓணான் இருக்கிறது. வாலால் கிளையைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தனி இனம் என்று அறிவியல் அடையாளம் கண்டதே 2006-இல்தான். கண்டி மாநகரத்துக்கு அரைநாள் தூரத்தில், இத்தனை தலைமுறைகள் பக்கத்தில் குடியிருந்தும், ஒரு முழு இனம் பேரில்லாமல் பாசிக்குள் இருந்திருக்கிறது.

என் மனம் இன்றைக்கும் போய் நிற்பது வேறோர் இடத்தில், றிவர்ஸ்டன் பக்கத்துப் பிட்டவல பத்தனையில். சரிந்து கிடக்கும் மாபெரும் பாறைப் பலகை, அதன்மேல் பாய் விரித்தாற்போல் மெல்லிய மண், அதில் புல். ஓரத்தில் நிலம் திடீரென்று முடிந்து பள்ளத்தாக்கு திறக்கும். எல்லோரும் படம் எடுக்க அங்கே ஓடுவார்கள். ஓடுகிற வழியில் பாறை வெடிப்புகளில் நீர் கசிகிற இடங்களைத் தாண்டுவார்கள். அங்கே உட்கார்ந்து பார்த்தால் ஒரு தவளை. தீப்பெட்டிக்குள் அடங்குகிற அளவு. பாறை வெடிப்பில் செருகிக்கொள்வதற்கென்றே தட்டையாக அழுத்திச் செய்த உடம்பு. பாறையின் புள்ளிகளே தோலில். இதுவும் தும்பறைக்கு மட்டும் உரியது. இதன் குஞ்சுகளுக்குக் குளம் வேண்டாம். நனைந்த பாறையின் முகத்தில் காகிதக் கனத்துக்கு வழியும் நீரில் ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிடும். அந்த நீர் ஒரு வாரம் காய்ந்தால்? இந்தத் தவளைப் பேரினத்தில் நான்கு இனங்கள், நான்கும் இலங்கைக்கே சொந்தம். அதில் ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

முகட்டுக் காடு மிஞ்சியதற்கு ஒரு கோடு காரணம். எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தது கோப்பிக்காக. வழியில் விழுந்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள்தான் இந்த மலைச்சரிவுகளில் காடு வெட்டினார்கள். வெட்டிய கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கைக்குத் தெரிவு ஒன்றும் இருக்கவில்லை. 1869-இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது, பிறகு தேயிலை வந்தது. கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையை ஏற்று, 5000 அடிக்கு மேலே காட்டைத் தொடக்கூடாது என்று 1873-இல் ஆணையிட்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே ஏலமும் பைனும் ஏறின. ஏலக்காய் உலர்த்தும் சூளைகளுக்கு விறகாகக் காடு எரிந்தது. இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாதுகாப்பு வனமாக்கி ஏலத்தை நிறுத்தினார்கள். அதில் பிழைத்த ஊர்க்காரர்கள் பட்ட இழப்பும் உண்மைதான். இன்று நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கோடையில் எவரோ விளையாட்டாக மானாப்புல்லில் வைக்கும் தீ. அது மேலே ஏறினால், இடுப்பளவு உயரத்தில் நூறாண்டாய் நின்றதெல்லாம் ஒரே பிற்பகலில் போய்விடும்.

தொத்துலுகலை உச்சியில் நாங்கள் எதையும் பார்க்கவில்லை. தெளிந்த நாளில் கிழக்கே சமவெளி விரியுமாம். அன்று வெள்ளை மட்டும். காலடியில் நெலுப் புதர்கள், நம் குறிஞ்சியின் உறவு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலை முழுக்கப் பூத்து, விதை கொடுத்து, பட்டுப்போகும். அன்றைக்குப் பூவில்லை, வெறும் பச்சைதான். சேயோன் மலையில் நிற்கிறோம் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றேன். தம்பியும் கழற்றினார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இறங்கும்போது தோட்டத்து எல்லையில் ஒரு பீலி. மூங்கில் தப்பையைப் பாறை வெடிப்பில் செருகியிருந்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த இரண்டு அக்காமார் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒதுங்கி, “குடிங்க, பனிமலத் தண்ணி” என்றார்கள். அப்பாயி வைத்த பேர் இன்னும் இருக்கிறது. கையைக் குவித்து ஏந்தினேன். பல் கூசுகிற குளிர். குடித்து முடித்தபோது உள்ளங்கையில் பாசி இழை ஒன்று ஒட்டியிருந்தது, அரை அங்குல நீளம், நுனியில் ஒரு மணி நீரோடு.