பெயரில் பிழை இல்லை

திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றங்கரையில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் கீர்த்தி பெற்ற தாடிக்கொம்பின் பெயரை, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய அட்டவணை ஒன்றில் கட்டளைத் திரை வழியே தமிழில் பதிய முற்படுகிறவருக்கு, 1366 என்ற எண்ணும், கொடுத்த சொல்லின் மதிப்பு தவறு என்று பொருள்படும் ஆங்கில வாக்கியமும், எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடுகளும் மறுமொழியாக வந்து நிற்கும். அவர் முதலில் சந்தேகிப்பது தம் தட்டச்சையே. எழுத்தெழுத்தாகத் திருத்துவார், விசைப்பலகையை மாற்றுவார், செய்தி மாறாது. குற்றம் பெயரில் இல்லை, அதை ஏற்கவேண்டிய அட்டவணைப் பத்தியில் இருக்கிறது.

1995-இல் ஸ்வீடனில் பிறந்த இத்தரவுத்தளம், 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை, வேறு உத்தரவு இல்லாதபோதெல்லாம் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியையே கைக்கொண்டது. வரிசைப்படுத்தும் முறையும் ஸ்வீடிஷ் மொழியினுடையதே. அத்தொகுதியில் தமிழுக்கு ஸ்தானமே இல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக வர, அவற்றை வைக்க இடமறியாத யந்திரம் பழியைச் சொல்லின்மேல் போடுகிறது. தவறான மதிப்பை மறுக்கும் கண்டிப்பு முறை இயங்காத பழைய நிறுவல்களிலோ எச்சரிக்கை ஒன்றை மட்டும் எழுப்பிவிட்டு ஊர்ப்பெயரின் இடத்தில் கேள்விக்குறிகளைச் சேமித்துவிடும். அதை நோக்க, தவறான செய்தியேனும் தோன்றுவது பாக்கியந்தான்.

பத்தியைத் திருத்திய பிறகும் ஒரு தடை வரலாம். பத்து எழுத்துக்கு வகுத்த பத்தியில் ஆறெழுத்துப் பெயர் நீளமென்று மறுக்கப்படும். த, துணைக்கால், ட, இகரக் குறி என்று பிரித்தெண்ணும் ஒருங்குறிக்கு தாடிக்கொம்பு பன்னிரண்டு குறிகள். இங்கே செய்தி மெய்யே, கணக்குத்தான் வேறு.

மற்றத் தரவுத்தளங்களின் செய்திகளும் நேர்ப்பொருளில் நிற்பதில்லை. ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் 942 என்ற எண்ணோடு அட்டவணையே இல்லை என்று வரும் செய்திக்கு, பார்க்கும் உரிமை உமக்கில்லை என்பதும் பொருளாகலாம். உரிமையற்றவரிடம் ஒரு பொருளின் இருப்பையே மறைப்பது பாதுகாப்பின் பொருட்டு. கட்டளையின் இலக்கணப் பிழையைக் காட்டும் செய்திகளோ, யந்திரம் மேலே செல்ல முடியாமல் நின்ற இடத்தைச் சுட்டுகின்றன. விடுபட்ட காற்புள்ளி பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னே கிடக்கும்.

ஆகவே, மைஎஸ்க்யூஎல்லில் சொல்லைத் திருத்தத் தொடங்குமுன், ஷோ கிரியேட் டேபிள் என்ற கட்டளையால் பத்தியின் எழுத்துத் தொகுதியைப் பாருங்கள். உங்கள் இணைப்பு யூடிஎஃப்-8-இல் பேசுகிறதா என்று விசாரியுங்கள். மாற்ற வேண்டியிருந்தால், தரவுக்குப் பிரதி எடுத்த பின்னரே யூடிஎஃப்-8-எம்பி-4 தொகுதிக்கு மாற்றுங்கள்.