செக்கு போடும் முன் கணக்கு பழகுங்கள்

நிலக்கடலை விவசாயிகள் பலர் மரச்செக்கு போட விசாரிக்கிறீர்கள். பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் மானியம் அறிவிக்கப்பட்டது. ஆனால், தொழிலை நடத்தப்போவது உங்கள் அனுபவம்தான்.

காயைக் குலுக்கிய சத்தத்திலேயே காய்ந்த பதத்தைச் சொல்லிவிடுவீர்கள். பூஞ்சைப் பருப்பும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் இந்த முதலுக்கு இடமே இல்லை!

பலருக்குக் குறைவது கணக்கு. பருப்பில் 45 முதல் 50 சதவீதம் எண்ணெய் இருந்தாலும், செக்கில் முழுவதும் இறங்காது. மீதி புண்ணாக்கில் தங்கும். இரண்டின் விற்பனையையும் கூட்டி, பருப்பு விலை, கூலி, மின்சாரம், பாட்டில் செலவைக் கழியுங்கள்.

கடன் வாங்கும் முன் ஒரு மூட்டையைப் பக்கத்துச் செக்கில் கூலிக்கு ஆட்டி, நீங்களே விற்றுப் பாருங்கள். மறுபடி கேட்டு வருபவர்களைக் குறித்து வையுங்கள்.