கணினியைப் புதுப்பித்த பின் திரை தடுமாறினால்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கி வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டி வீடுகளிலும் கடைகளிலும் உள்ள கணினிகள் பல விண்டோஸ் 11-க்கு மாறியுள்ளன. மாறிய கணினிகளுக்கும் மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றன. இவை இன்றியமையாதவை. ஆயினும், புதுப்பித்த மறுநாள் கணக்கு மென்பொருளைத் திறந்தால் சில கணினிகளில் எழுத்துகள் மங்கித் தெரிகின்றன. 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடுகிறது. சில வேளைகளில் சாளரம் முழுவதும் கறுத்துப்போகிறது.

இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வாடிக்கையாளர்கள் தாமே சரிசெய்துகொள்ளலாம். அதற்கான வழிகளையும், திரை சீராகும் வரை பணப் பரிமாற்றத்தில் கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு நகல்

திரையில் தெரியும் தோற்றம் வேறு, உள்ளே இருக்கும் தரவு வேறு. வங்கிக் கணக்கின் விவரங்கள் வங்கியின் கணினி மையத்தில் உள்ளன. உங்கள் திரை மங்கினால் அவற்றுக்கு எதுவும் நேர்வதில்லை. கடைக் கணக்கு மென்பொருளின் தரவு உங்கள் கணினியிலேயே தனிக் கோப்புகளாக இருக்கும். காட்சிக் கோளாறு அவற்றையும் தொடுவதில்லை. ஆனால், பதற்றத்தில் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவும்போது அந்தக் கோப்புறையும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் தரவுக் கோப்புறையைப் பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுத்து வைப்பது முதல் கடமை.

மங்கலும் மறைவும்

பழைய மென்பொருள்கள் பல, ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. இன்றைய 15.6 அங்குல மடிக்கணினித் திரையில், அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் இருந்தால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 புள்ளிகள் அமைகின்றன. எழுத்துகள் மிகச் சிறிதாகத் தெரியாதிருக்க, விண்டோஸ் அவற்றை 125 அல்லது 150 விழுக்காடு பெரிதாக்கிக் காட்டுகிறது. பழைய மென்பொருளின் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கும்போது எழுத்து மங்குகிறது. எழுத்து மட்டும் பெரிதாகிப் பெட்டி பழைய அளவிலேயே நின்றுவிட்டால் பொத்தான்கள் வெட்டுப்படுகின்றன. புதுப்பிப்புக்குப் பின் இந்த விழுக்காடு மாறியிருக்கிறதா என்று செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், டிஸ்பிளே, ஸ்கேல் என்ற வரிசையில் சென்று பாருங்கள். மாறியிருந்தால் பழைய அளவுக்கே திருப்பி, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் சிக்கல் இருந்தால், அதன் குறும்படத்தின்மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, புராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று செல்லுங்கள். அடியில் உள்ள ஓவர்ரைடு என்ற கட்டத்தைத் தேர்ந்தால் மூன்று தெரிவுகள் கிடைக்கும். 'அப்ளிகேஷன்' என்பதில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் சிறுத்துப்போகலாம். 'சிஸ்டம்' என்பதில் சற்று மங்கலாக இருந்தாலும் பெட்டி முழுமையாகத் தெரியும். 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' சில மென்பொருள்களில் இரண்டையும் ஒருசேரத் தரும். ஒவ்வொன்றாக மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். கணக்கு வேலைக்குக் கூர்மையைவிட முழுமையே முக்கியம்.

கறுத்த திரை, துடிக்கும் சாளரம்

சாளரம் கறுத்துப்போனாலோ, துடித்தாலோ, கோடுகள் தோன்றினாலோ பெரும்பாலும் வரைகலை டிரைவரே காரணம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளுடன் 'பி' விசையைச் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் வேலைகளை மூடாமலே டிரைவர் மறுதொடக்கம் பெறும். சிக்கல் மீண்டும் வந்தால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, டிரைவர் என்ற தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' வழியாக முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்தப் பொத்தான் செயலற்று இருந்தால், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

குரோம் உலாவியில் மட்டும் பக்கங்கள் வெறுமையாகவோ சிதறியோ தெரிந்தால், அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குச் சென்று கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்தி, உலாவியை மூடித் திறந்து பாருங்கள்.

தமிழ் எழுத்து சிதைந்தால்

தமிழில் பற்றுச்சீட்டும் பேரேடும் வைத்திருப்போருக்கு எழுத்துருச் சிக்கலும் உண்டு. முந்தைய விண்டோஸ் பதிப்புகளுடன் வந்த 'லதா' எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் கூடுதல் வசதியாகத் தனியே வைக்கப்பட்டுள்ளது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய கணினியில் அது இல்லாதிருக்கலாம். அப்போது 'நிர்மலா யுஐ' போன்ற வேறோர் எழுத்துரு அதன் இடத்தைப் பிடிக்க, வரிகளின் நீளம் மாறிவிடும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குச் சென்று தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் இது சரியாகும். 'பாமினி' போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். தரவு அழிந்துவிடவில்லை, எழுத்துருவை மீண்டும் நிறுவினால் வாசகம் திரும்பிவிடும். அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நிலையான தீர்வு.

பின்வாங்கும் வழி

எதுவும் பயனளிக்காவிட்டால், விண்டோஸ் அப்டேட் பகுதியில் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, அண்மையில் வந்த புதுப்பிப்பை நீக்கலாம். விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள், மாறிய 10 நாள்களுக்குள் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் என்ற வழியில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும். ஆனால், இவற்றைத் தற்காலிக ஏற்பாடாக மட்டுமே கொள்ள வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது, பூட்டு பழுதான பெட்டியில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும்.

திரை சீராகும் வரை பணம் அனுப்ப வேண்டாம்

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு பணம் வரவு வைக்கப்படுகிறது. பெறுபவரின் பெயரை முன்கூட்டியே சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்திருந்தது. அந்தப் பெயர் திரையில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அந்தப் பாதுகாப்பே பயனற்றுப்போகும். தொகையின் கடைசி இலக்கம் மறைந்திருந்தாலும் அவ்வாறே. உறுதிப்படுத்தும் பக்கம் உறைந்து நின்றால் மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரே தொகை இருமுறை சென்றுவிடக்கூடும். வெளியேறி, கைப்பேசியிலோ வேறு கணினியிலோ கணக்கு அறிக்கையைப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி. பக்கத்தின் தோற்றம் மாறியிருந்தால் முகவரியையும் கவனியுங்கள். இணைய முகவரிகளை 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் வகையில் மாற்றியமைக்குமாறு இந்திய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025-இல் ஆணையிட்டது.

உதவி என்ற பெயரில்

திரை தடுமாறும் வேளையே மோசடிக்காரர்களுக்கு வாய்ப்பான வேளை. "உங்கள் கணினி முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை முழுவதும் ஓர் அறிவிப்பு தோன்றலாம். மைக்ரோசாப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. தேடுபொறியில் கிடைக்கும் 'உதவி மைய' எண்களும் நம்பத்தக்கவை அல்ல. அழைத்தவுடன் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அதன்பின் நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வொன்றும் அவர்கள் கண்முன் விரியும். இத்தகைய செயலிகளின் வழியே நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்துள்ளது.

அவ்வாறு யாரேனும் நுழைந்துவிட்டதாக ஐயம் எழுந்தால் உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கின் இணையச் சேவையை முடக்கச் சொல்லுங்கள். 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். இதில் காலம் மிக முக்கியம். வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலானது வாடிக்கையாளருக்கும், தெரிவித்த பிறகு நேர்வது வங்கிக்கும் உரியது என்பதே ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த நெறி.

அடுத்த புதுப்பிப்பு வருவதற்குள் மூன்று விவரங்களை ஒரு தாளில் எழுதி மேசையருகே வைத்துக்கொள்ளுங்கள்: தற்போதைய ஸ்கேல் விழுக்காடு, கணக்குத் தரவு இருக்கும் கோப்புறை, உங்கள் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள சேவை எண். ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும் நாளிலும் ஊதியம் வழங்கும் நாளிலும் புதுப்பிப்பைத் தொடங்காதீர்கள். வேலை குறைந்த ஒரு மாலையில், நகல் எடுத்த பின் தொடங்குங்கள்.