ரொட்டித் துண்டு சொன்ன ரகசியம்!

குழந்தைகளே! 'மகன்' என்று எழுதுங்கள். கடைசி எழுத்தை மாற்றி 'மகள்' என்று எழுதுங்கள். ஒரே ஓர் எழுத்து மாறியதும் ஆண்பால் பெண்பால் ஆகிவிட்டது அல்லவா? பழங்கால எகிப்தியர்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் சேர்த்தது ஒரு ரொட்டியை!

எகிப்தியர்களின் சித்திர எழுத்துக்கு 'ஹைரோகிளிஃப்' என்று பெயர். அதில் வாத்துப் படம் வரைந்தால் 'சா', அதாவது மகன். ஒரு வகை வாத்தின் பெயரும் அந்தச் சொல்லும் ஒன்றுபோல ஒலித்ததே காரணம். வாத்தின் அருகே அரைவட்டமாக ஒரு சிறு ரொட்டியை வரைந்தால் 'சாத்', அதாவது மகள். ரொட்டியின் ஒலி 'த்'. பெண்ணைக் குறிக்கும் சொற்களின் முடிவில் அது வரும்.

சொல்லின் இறுதியில் நீண்ட கூந்தலுடன் அமர்ந்திருக்கும் பெண்ணின் படத்தையும் வரைவார்கள். அதை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. 'இது பெண்ணைப் பற்றிய சொல்' என்று கண்ணுக்குக் காட்டும் அடையாளம் மட்டுமே.

இந்த எழுத்துகளைப் படிக்கும் வழியை 1822-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஷாம்போலியன். 1829-ல் அவர் நைல் நதிக்கரையில் உள்ள டெய்ர் எல்-பஹ்ரி கோவிலுக்குப் போனார். சுவரில் தாடி வைத்த ஓர் அரசரின் உருவம். ஆனால் அருகில் இருந்த சொற்களோ பெண்பாலில் இருந்தன! அவர் குழம்பிப் போனார்.

அந்த 'அரசர்' யார் தெரியுமா? ஹட்ஷெப்சுட் என்ற அரசி! சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆண்டவர். அரசர்கள் பொய்த்தாடி அணிவது அந்நாட்டு வழக்கம். அதனால் தன்னையும் தாடியுடன் செதுக்கச் செய்தார். ஆனால் எழுத்தில், 'சூரியக் கடவுளின் மகன்' என்னும் அரசப் பட்டத்தை 'சூரியக் கடவுளின் மகள்' என்று மாற்றிக்கொண்டார்.

அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அடுத்து ஆண்ட மூன்றாம் துட்மோஸ் காலத்தில் அவருடைய பெயரையும் உருவங்களையும் உளியால் செதுக்கி அழித்தார்கள். பெரிய சிலைகளையும் உடைத்தார்கள். ஆனால் சில இடங்களில் அந்தச் சின்னஞ்சிறு ரொட்டி தப்பிவிட்டது. 'இங்கே ஆண்டவர் ஒரு பெண்' என்று பிற்காலத்து அறிஞர்களுக்குச் சாட்சி சொன்னது.

'ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன, சார்?' என்று இனி யாராவது கேட்டால், இந்த ரொட்டியின் கதையைச் சொல்லுங்கள்!