மடை திறக்கும் முன்

கண்மாய் மடையைத் திறப்பதற்கு முன் ஆயக்கட்டுக்காரர்கள் கூடிப் பேசுவதும், கடைமடை வயலுக்கும் நீர் எட்டுமா என்பது தீர்ந்த பிறகே நீர்க்கட்டி மடையில் கைவைப்பதும் மதுரைச் சீமையின் பழைய வழக்கம். புதிய மின்நிலையம் ஒன்றை எழுப்புவதற்குச் சட்டம் வகுத்திருக்கும் அனுமதி முறைகளும் சாராம்சத்தில் இந்த நியாயத்தையே பின்பற்றுகின்றன.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அனல்மின் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது பலருக்கு ஆச்சரியமளிக்கும். ஆனால், பிறர் சுவாசிக்கும் காற்றிலும் பருகும் நீரிலும் கலப்பதைப் பற்றிச் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் வெளியான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணைப்படி, நிலக்கரி நிலையமாயின் 500 மெகாவாட்டும், டீசல் முதலிய எண்ணெய்களாயின் 50 மெகாவாட்டும் எட்டியவுடன் விண்ணப்பம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகவேண்டும். சிறியவற்றை மாநில ஆணையம் பரிசீலிக்கும். 2001-இல், இந்த அறிவிக்கைக்கு முன்பே, மதுரையை அடுத்த சமயநல்லூரில் இயங்கத் தொடங்கிய 106 மெகாவாட் எண்ணெய் மின்நிலையம் இந்த அளவுகோலின்படி மத்திய அமைச்சகத்துக்குப் போகும் வகையைச் சேரும்.

எவற்றை ஆராயவேண்டும் என்று நிபுணர் குழு வரையறுத்து, வரைவறிக்கை தயாரானதும், அதன் சுருக்கம் தமிழில் கிடைக்கும்படி செய்து, 30 நாள் முன்னறிவிப்புடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். அங்கே ஓட்டெடுப்பு இல்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் இல்லை. எனினும், அங்கே எழும் ஆட்சேபங்கள் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவேண்டும். இறுதி அறிக்கை அவற்றுக்கு விடை கூறவேண்டும். அதன்பின் நிபுணர் குழு பரிசீலித்துச் சிபாரிசு செய்து, அனுமதி கிடைத்தாலும், 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படியும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின்படியும் இயக்குவதற்கு முன் வாரியத்தின் இசைவைப் பெறவேண்டும்.

அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட 30 நாள் அவகாசம் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் நீளும். ராமநாதபுரம் மாவட்டம் உப்பூரில் தலா 800 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகளுக்குத் தரப்பட்ட சூழல் அனுமதியை 2021 மார்ச்சில் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது, ஆய்வில் விட்டுப்போன கேள்விகள் அனுமதிக்குப் பின்னும் உயிரோடிருக்கும் என்பதற்குப் பிரத்தியட்சச் சான்று.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு. 2016-இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்து கிடந்தும், சூரிய மின்சாரத்துக்கு மேற்படி அறிவிக்கை பொருந்தாதபடியால், இத்தகைய கருத்துக்கேட்பு அதற்கு அவசியமாகவில்லை. புகையை அளந்து கேள்வி கேட்கும் சட்டம், மேய்ச்சல் நிலத்தையும் மழைநீர் ஓடும் வரத்துக்காலையும் அதே கண்கொண்டு பார்ப்பதில்லை. ஆனால் கடைமடைக்காரனுக்கு, நீர் வராமற்போனால், அது எதனால் மறிபட்டது என்பதில் என்ன பேதம்?