களத்தில் ஆசான், வீட்டில் தந்தை

“வாத்தியார் பிள்ளை மக்கு” என்றொரு பேச்சு எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர், தம் வீட்டுப் பிள்ளைக்குக் கற்பிக்கப் புகுந்ததும் அப்பொறுமையை இழந்துவிடுகிறார் என்பதே அதன் உட்பொருள் போலும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இதனைக் கேட்குந்தோறும் சிரிப்பும் வரும். சிறிது உறுத்தலும் வரும். கல்விக்கு இது பொருந்துமோ பொருந்தாதோ, விளையாட்டுத் துறையிலே இப்பேச்சைப் பொய்யாக்கிக் காட்டிய தந்தையர் சிலர் உளர். பெற்ற பிள்ளையைத் தாமே பயிற்றி உலகின் முதல்வரிசை ஓட்டக்காரராக்கிய அவர்களுடைய வரலாறு, பிள்ளை வளர்க்கும் அனைவரும் அறியத்தக்கது. அவ்வரலாற்றிலே வெற்றி மாத்திரமன்று, எச்சரிக்கையும் உண்டு.

உருக்கு நகரத்துப் பொறியியலாளர்

இங்கிலாந்திலே ஷெபீல்ட் என்னும் நகரம் உருக்குத் தொழிலுக்கும், கத்தி, கரண்டி முதலியன செய்யும் தொழிலுக்கும் பெயர் பெற்றது. அங்கே அத்தகைய ஆலையொன்றிற் பொறியியலாளராக விளங்கியவர் பீற்றர் கோ என்பவர். 1919 இற் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது தாம் பணிபுரிந்த வணிகக் கப்பல் மூழ்கடிக்கப்பட, ஜேர்மானியரிடம் சிறைப்பட்டுப் பின் புகையிரதத்திலிருந்து குதித்துத் தப்பியவர். இளமையிற் சைக்கிளோட்டத்தில் ஈடுபாடு கொண்டிருந்தாரேயன்றி, ஓட்டப் பயிற்சி பற்றி இவருக்கு யாதும் தெரியாது.

இவருடைய மகனே செபஸ்தியன் கோ. 1956 இற் பிறந்த இச்சிறுவன் உடல் மெலிந்தவன். இவனுடைய தாயின் தந்தையார் பஞ்சாபைச் சேர்ந்தவர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி. அக்காலத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகளின் வருங்காலத்தைப் பதினொரு வயதிலேயே தீர்மானிக்கும் பரீட்சையொன்று நடைபெற்றது. செபஸ்தியன் அதிற் சித்தியடையவில்லை. எமது நாட்டிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளிற் சில வீடுகள் எவ்வாறு துயரில் மூழ்குகின்றன என்பதை அறிந்த பெற்றோர், இச்செய்தியைச் சற்று நின்று சிந்திப்பாராக.

பன்னிரண்டாம் வயதிலே மகன் உள்ளூர் ஓட்டக் கழகமொன்றிற் சேர்ந்தான். அவனிடத்திலே ஆற்றலிருப்பதைக் கண்ட தந்தை, பயிற்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றார். தமக்கு அத்துறை தெரியாது என்பதை அவர் மறைக்கவில்லை, தெரிந்துகொள்ள முயன்றார். கிடைத்த நூல்களைக் கற்றார். இயந்திரமொன்றின் பகுதிகளைக் கழற்றி ஆராய்வதுபோல, ஒவ்வொரு பயிற்சியையும் எடுத்து, “இது எதற்காக?” என்று வினவினார். விடை கிடையாத பயிற்சியை விலக்கினார்.

மைல் கணக்கும் வேகக் கணக்கும்

நியூசிலாந்தைச் சேர்ந்த ஆதர் லிடியார்ட் என்னும் பயிற்றுநரின் புகழ் அக்காலத்தில் எங்கும் பரவியிருந்தது. கிழமைக்கு நூறு மைல் ஓடி உடலுக்கு அடித்தளமிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவரான பீற்றர் ஸ்னெல் 1960 இல் 800 மீற்றரிலும், 1964 இல் 800, 1500 மீற்றர் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றமையால், அக்கொள்கையை மறுத்துரைக்கத் துணிந்தவர் சிலரே.

பீற்றர் கோ துணிந்தார். மெதுவாக நெடுந்தூரம் ஓடிப் பழகுபவன் மெதுவாக நெடுந்தூரம் ஓடவே வல்லவனாவான் என்பது அவர் வாதம். 1500 மீற்றர் ஓடுபவனுக்கு 400 மீற்றர்க்காரனின் விரைவும் வேண்டும். 5000 மீற்றர்க்காரனின் தாங்குதிறனும் வேண்டும். ஆகவே ஓர் ஏணியின் படிகளைப் போலப் பல வேகங்களையும் வகுத்து, அவையனைத்திலும் மாறி மாறிப் பயிற்சியளித்தார். 200 மீற்றரைச் சிறு இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் ஓடுதல், ஒருநாள் மேட்டிலே ஏறி ஓடுதல், மற்றொரு நாள் 800 மீற்றர்த் துண்டுகளாக ஓடுதல் எனப் பயிற்சி அமைந்தது. ஷெபீல்டை அடுத்த ரிவெலின் பள்ளத்தாக்கின் பாதைகளிலே மகன் மாரிக் குளிரில் ஓட, தந்தை மோட்டார்க் காரிலே நிறுத்தற் கடிகாரத்துடன் தொடர்ந்து செல்வார்.

தாம் அறியாததைப் பிறரிடம் ஒப்படைக்கவும் அவர் தயங்கவில்லை. மகன் லப்பரோ பல்கலைக்கழகத்திற் கற்ற காலத்தில், தசைகளை வலுவாக்கும் பயிற்சியை அங்கிருந்த ஜோர்ஜ் கான்டி என்னும் பயிற்றுநரிடம் விட்டார். பிற்காலத்தில் அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் டேவிட் மார்ட்டினுடன் சேர்ந்து, ஓட்டப் பயிற்சி பற்றி நூலொன்றும் எழுதினார்.

பயனோ உலகறிந்தது. 1979 ஜூலை 5 ஆந் திகதி ஒஸ்லோ நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 42.33 செக்கனிலும், ஜூலை 17 இல் அதே நகரில் ஒரு மைலை 3 நிமிடம் 48.95 செக்கனிலும், ஆகஸ்ட் 15 இற் சூரிச் நகரில் 1500 மீற்றரை 3 நிமிடம் 32.03 செக்கனிலும் ஓடி, நாற்பத்தொரு நாளில் மூன்று உலக சாதனைகளைச் செபஸ்தியன் நிலைநாட்டினார். 1981 இற் புளோரன்ஸ் நகரில் அவர் 800 மீற்றரில் ஏற்படுத்திய 1 நிமிடம் 41.73 செக்கன் என்னும் சாதனை 1997 வரை முறியடிக்கப்படவில்லை.

மொஸ்கோவில் நேர்ந்தது

எனினும் இவ்வரலாற்றில் எம்மை நின்று சிந்திக்க வைப்பது ஒரு தோல்வியே. 1980 இல் மொஸ்கோ ஒலிம்பிக்கில் 800 மீற்றர்த் தங்கம் செபஸ்தியனுக்கே என்று யாவரும் நம்பியிருந்தனர். ஜூலை 26 இல் நடந்த அவ்விறுதி ஓட்டத்தில் அவர் பின்தங்கி நின்று, காலந் தாழ்த்தி முன்னேற முயன்று, தம் நாட்டவரான ஸ்டீவ் ஓவெற்றிடம் தோற்றார். வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற மகனைத் தந்தை பத்திரிகையாளர் முன்னிலையிலேயே, அச்சிடத் தகாத சொல்லொன்றால் ஏசினார். ஆறு நாட்களின் பின், ஆகஸ்ட் 1 ஆந் திகதி, மகன் 1500 மீற்றரில் ஓவெற்றை வென்று தங்கம் பெற்றார். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் அதே ஓட்டத்தில் வென்றார். ஆண்களுக்கான ஒலிம்பிக் 1500 மீற்றரை இருமுறை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

ஏசியதனாற் தங்கம் வந்தது என்று எவரேனும் கருதுவராயின் அது பெருந் தவறாகும். அச்சொல்லுக்கு முன்னே பத்தாண்டுக்கு மேற்பட்ட நம்பிக்கை அவ்விருவரிடையே வேரூன்றியிருந்தது. ஓட்டக் களத்தைப் பற்றிப் பேசுங்கால் பீற்றர் கோ செபஸ்தியனை “என் ஓட்டக்காரர்” என்றே குறிப்பிடுவார். களத்து உறவு வேறு, வீட்டு உறவு வேறு என்று அவர் வகுத்துக்கொண்டமைக்கு இதுவே சான்று.

படலைக்கு அப்பாலும் இப்பாலும்

எமது தந்தையாரும் கிராமப் பாடசாலையொன்றில் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்தவர். 1990 ஐ அடுத்த அவ்வாண்டுகளில் எமது ஊரில் மின்சாரம் இல்லை. விளையாட்டு உபகரணங்களும் இல்லை. அரிவி வெட்டு முடிந்த வயலே எமக்கு ஓடுகளம். விடியற்காலையில் வெறுங்காலோடு ஓடுவோம். வீட்டிலே அவரை “ஐயா” என்றழைக்கும் நாம், வயலில் மற்றப் பிள்ளைகளைப் போலச் “சேர்” என்றே அழைத்தல் வேண்டும். பிழைவிட்டால் எமக்கும் அவர்களுக்கும் ஒரே ஏச்சு. நன்றாக ஓடினால் ஒரே தலையசைப்பு.

ஓட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, படலையடியிலே கழுத்திற் கிடக்கும் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வார். ஒருமுறை வட்டாரப் போட்டியிற் கடைசியாக வந்த நாள், படலை கடந்த பின்னும் நாம் அழுதுகொண்டே காரணஞ் சொல்லத் தொடங்கினோம். “அது நாளைக்குக் காலமை வயலிலை பேசிற கதை. இப்ப கால் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு” என்றார். மறுநாட் காலையில் ஒன்றும் விடாது பேசினார் என்பதும் உண்மை. ஆயினும் அன்றிரவு அச்சமின்றி உறங்கினோம். உலக சாதனை எதுவும் எமக்கு வாய்க்கவில்லை; ஓட்டத்தின் மீதுள்ள விருப்பமோ இன்றுவரை குறையவில்லை.

ஒரே ஓட்டத்தில் இரு தந்தையர்

2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் உலக மெய்வல்லுநர் போட்டி நடைபெற்றது. 1500 மீற்றரிலே பிரித்தானியரான ஜேக் வைற்மன் 3 நிமிடம் 29.23 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அவரைப் பயிற்றியவர் தந்தை ஜெப் வைற்மன். அன்று அரங்கின் ஒலிபெருக்கியில் ஓட்டத்தை அறிவித்துக்கொண்டிருந்தவரும் அவரே! மகன் முந்திச் செல்வதைக் கண்டும், எல்லா ஓட்டக்காரரையும் போலவே அவனையும் அறிவித்தார். எல்லாம் முடிந்த பின்னரே, அவன் தன் மகன் என்றும், தானே பயிற்றியவன் என்றும் சபைக்குச் சொன்னார்.

அவ்வோட்டத்தில் இரண்டாவதாக வந்த நோர்வே நாட்டு ஜேக்கப் இங்கபிரிட்சனும் தந்தையாற் பயிற்றப்பட்டவரே. அவர் தமையன்மார் ஹென்ரிக், பிலிப் இருவரும் முறையே 2012, 2016 ஆம் ஆண்டுகளிலும், ஜேக்கப் பதினேழு வயதில் 2018 இலும், ஐரோப்பிய 1500 மீற்றர் வெற்றியை ஒரே வீட்டுக்குக் கொண்டுவந்தனர். தந்தை யேர்ட்டும் ஓட்டத்துறையில் வளர்ந்தவரல்லர். உலகம் வியந்த அக்குடும்பத்திற் பிளவு உண்டாயிற்று. 2022 இல் மைந்தர் தந்தையின் பயிற்சியை விட்டு நீங்கினர். 2023 இல், தந்தை தம்மை அடித்தும் அச்சுறுத்தியும் வளர்த்தார் என்று மூவரும் பகிரங்கமாக எழுதினர். தந்தை அதனை மறுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. 2025 ஜூன் மாதத் தீர்ப்பிலே, ஜேக்கப் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து தந்தை விடுவிக்கப்பட்டார். மகளொருத்தியை அடித்த ஒரு செயலுக்கு மாத்திரம் பதினைந்து நாள் ஒத்திவைத்த சிறைத்தண்டனை பெற்றார். சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. ஆனால் தந்தையும் மக்களும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற காட்சியை எத்தனை பதக்கங்கள் மறைக்கவல்லன?

பெற்றோருக்கும் மாணவருக்கும்

எமது பாடசாலைகளில் முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறுகின்றன. கயிற்றோரத்தில் நின்று பிள்ளையின் பெயரைக் கூவும் பெற்றோரைக் காண்பது எமக்கு எப்பொழுதும் இன்பமே. ஆயினும் மூன்றாவதாக வந்த பிள்ளை, பரிசு மேசையைப் பாராது, பெற்றோரின் முகத்தை அஞ்சி அஞ்சிப் பார்ப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். வளரும் பிள்ளைக்கு ஓட்டத்தைப் போலவே ஓய்வும் உறக்கமும் பயிற்சியின் பகுதிகளாகும். வயதுக்கு மீறிய தூரத்தை ஓடவைத்தலும், நாள்தோறும் நேரங் குறித்து நெருக்குதலும் காலையும் கெடுக்கும், மனத்தையும் கெடுக்கும்.

மாணவர்களே, உங்களைக் கண்டிக்கும் பயிற்றுநரை வெறாதீர்கள். எதற்காக இப்பயிற்சி என்று பணிவோடு வினவுங்கள். நல்ல பயிற்றுநரிடத்தில் அதற்கு விடை இருக்கும். பெற்றோர்களே, பிள்ளைக்குப் பயிற்றுநர் இன்னொருவர் கிடைப்பார். தந்தையோ தாயோ இன்னொருவர் கிடையார். இரு பதவிகளையும் ஒருவரே வகிக்க நேரின், எது எவ்விடத்தில் முடிகிறது என்பதை நாள்தோறும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தோற்று வரும் பிள்ளை தயக்கமின்றி நுழையக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். அங்கிருந்தே அவன் மறுநாளும் ஓடப் புறப்படுவான்.